ரேடியேற்றருக்குக் காற்று: பம்பரில் ஓட்டை போடும் முன் ஒருதரம் வாசியுங்கள்

மகியங்கனை தாண்டிக் கண்டிக்கு ஏறும் 18 வளைவுப் பாதை. எத்தனையாவது வளைவு என்று நினைவில்லை, சூட்டு முள் சிவப்பைத் தொட்டுவிட்டது. பின் சீற்றில் அம்மா, டிக்கியில் உறவினருக்கென்று கட்டிய எருமைத் தயிர்ச் சட்டிகள். காரை ஓரம் கட்டி, பொனற்றைத் திறந்து வைத்துவிட்டு ஒன்றரை மணித்தியாலம் குரங்குகளைப் பார்த்துக்கொண்டு இருந்தோம்.

அதற்குப் பிறகு ஒன்பது மாதம், மூன்று கராஜ், 74,000 ரூபா. முதல் கராஜில், எஞ்சின் சூடாகும் வரை ரேடியேற்றருக்குத் தண்ணீர் போகாமல் மறிக்கும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்தார்கள். இரண்டாவதில் பம்பரின் அடியை வெட்டி வாயைப் பெருப்பித்தார்கள். மூன்றாவதில் பொனற்றின் பிணைச்சலுக்கு அடியில் வொஷர் வைத்துப் பின்பக்கத்தை உயர்த்தினார்கள். முள் இறங்கவில்லை, பெற்றோல் செலவுதான் ஏறியது. கடைசியில் பிரச்சினை தீர்ந்தது மட்டக்களப்புக் கல்லடியில் எங்கள் வீட்டு முற்றத்தில், இரண்டு சனி ஞாயிறில், 18,000 ரூபாவுக்குள். அக்கரைப்பற்று மச்சான் கூட இருந்தார். அவரிடம் கருவி இருந்தது, எனக்குக் கோபம் இருந்தது.

இது முன்பக்கத்தில் எஞ்சினும் ரேடியேற்றரும் உள்ள சாதாரண பெற்றோல் கார்களுக்கு எழுதியது. சீற்றுக்குக் கீழே எஞ்சின் உள்ள வேன் என்றால் 6ஆம் படியில் பாதி பொருந்தாது. ஹைபிரிட் வைத்திருப்பவர்கள் மின்கலத்துக்குக் காற்றுப் போகும் வழியில் கை வைக்க வேண்டாம்.

ஒரு விஷயத்தை மட்டும் முதலே சொல்லிவிடுகிறேன், மற்றது எல்லாம் இதிலிருந்துதான் வருகிறது. ரேடியேற்றருக்குள் காற்றுப் போவது முன்னால் ஓட்டை இருப்பதால் அல்ல. முன்னால் அழுத்தம் கூடவும் பின்னால் அழுத்தம் குறையவும் இருப்பதால். பின்கதவு பூட்டிய வீட்டில் முன்கதவை எவ்வளவு அகலமாகத் திறந்தாலும் காற்று உள்ளே வராது. பம்பரை வெட்டிய கராஜ் முன்கதவையே இடித்துக்கொண்டிருந்தது.

1. எங்கே சூடேறுகிறது என்று ஒரு கிழமை எழுதுங்கள்

கராஜுக்குப் போக முன் ஒரு கொப்பியில் குறியுங்கள்: என்ன வேகம், ஏற்றமா சமதரையா, ஏசி போட்டதா, எத்தனை மணி. ஓபிடி வாசிப்பான், அதாவது காரின் கணினியோடு இணைத்து எஞ்சின் சூட்டைப் பாகையில் காட்டும் சின்னக் கருவி, கிடைத்தால் இரவல் வாங்குங்கள். டாஷ்போர்டு முள்ளை நம்பாதீர்கள். பல கார்களில் அது நடுவில் சும்மா நிற்கும், உண்மையான சூடு பத்துப் பதினைந்து பாகை ஏறி முடிந்த பிறகுதான் அசையும்.

மெதுவாகப் போகும்போது மட்டும், அதாவது ஏற்றத்தில், மட்டக்களப்பு நகரத்து நெரிசலில், கல்முனைச் சந்தையடியில் சூடேறினால், குற்றம் பெரும்பாலும் பேனில் அல்லது அதைச் சுற்றியுள்ள கூட்டில். வேகமாகப் போகும்போது மட்டும் ஏறினால் காற்று வழியைச் சந்தேகியுங்கள். இரண்டிலும் ஏறினால் உள்ளே அடைப்பு, தண்ணீர்ப் பம்ப், அல்லது ஹெட் காஸ்கட் (எஞ்சின் தலைப்பகுதிக்கு அடியில் உள்ள அடைப்புத் தகடு). காஸ்கட் போயிருந்தால் தண்ணீர் குறையும், குழாய்கள் குளிர்ந்த எஞ்சினிலேயே கல்லுப் போல் இறுகும். அப்படியானால் இந்தக் கட்டுரையை மூடிவிட்டு நல்ல மெக்கானிக்கிடம் போங்கள்.

ஏற்றத்தில் ஏன் இவ்வளவு மோசம்? 100 கிலோமீற்றர் வேகத்தில் அதிவேகப் பாதையில் போகும் காருக்கும், 25இல் மலை ஏறும் காருக்கும் எஞ்சின் செய்யும் வேலையில் அவ்வளவு பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் வேகம் நாலில் ஒன்று என்றால் முன்னால் விழும் காற்றின் அழுத்தம் பதினாறில் ஒன்று. வேலை அதே வேலை, விசிறி விடுகிறவன் மட்டும் தூங்கிவிட்டான்.

கச்சான் காலத்தில் குறித்த கணக்கைத் தனியாக வையுங்கள். ஆனி முதல் ஆவணி வரை மேற்கு, தென்மேற்கிலிருந்து அடிக்கும் அந்த வறண்ட காற்றில், மகா ஓயாவிலிருந்து செங்கலடிப் பக்கம் திரும்பி வரும்போது காற்று முதுகில் அடிக்கும். 60இல் ஓடினாலும் ரேடியேற்றருக்குக் கிடைப்பது 40க்குள்ள காற்றுத்தான், அதுவும் சுடு காற்று. போகும்போது சரியாக இருந்த கார் வரும்போது சூடாவதற்குப் பேய் காரணமில்லை.

2. காற்றைத் தொட முன் தண்ணீரைப் பாருங்கள்

இதற்கு அரை நாள் போதும், எஞ்சின் முழுதாகக் குளிர்ந்திருக்க வேண்டும். சூட்டோடு ரேடியேற்றர் மூடியைத் திறந்து முகத்தைச் சுட்டுக்கொண்டவர்களை எனக்குத் தெரியும்.

மூடியில் 0.9 அல்லது 1.1 என்று எழுதியிருக்கும். அது தாங்கும் அழுத்தம். 0.9 மூடி ஒழுங்காகப் பிடித்தால் தண்ணீர் 118 பாகைக்குப் பக்கத்தில்தான் கொதிக்கும். மூடியின் ரப்பர் வெடித்திருந்தால் 100இலேயே கொதித்துப் பொங்கும். 1,800 ரூபா மூடி. என்னுடையதில் ரப்பர் பிஸ்கட் போல் உடைந்து வந்தது. மூன்று கராஜிலும் ஒருவரும் அதைத் திருப்பிப் பார்க்கவில்லை. எண்ணைக் கூட்டிப் போட்டால் நல்லது என்று நினைத்து 0.9க்குப் பதிலாக 1.3 போடாதீர்கள். பழைய குழாய் எங்காவது பிய்யும்.

தெர்மோஸ்டாட்டைப் பற்றி உரத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் நம் பக்கத்தில் அதைக் கழற்றுவது ஒரு வைத்தியமாகவே ஆகிவிட்டது. "வெக்கை நாட்டுக்கு இது தேவையில்ல தம்பி" என்பார்கள். தேவை. அது இல்லாவிட்டால் சமதரையில் எஞ்சின் 60, 65 பாகையிலேயே ஓடும். எஞ்சின் இன்னும் குளிர் என்று நினைத்துக் கணினி பெற்றோலை அள்ளி ஊற்றும், எண்ணெய் கெடும். மலையில் பயன் இருக்குமா என்றால், அங்கே எப்படியும் தெர்மோஸ்டாட் முழுதாகத் திறந்துதான் இருக்கும். வாங்க முன் கம்பனி சொன்ன பாகையைப் பாருங்கள், அனேகமாக 82 அல்லது 88. பழையதைச் சோதிக்க ஒரு சட்டித் தண்ணீரும் அடுப்பும் போதும்: நூலில் கட்டித் தொங்கவிட்டுச் சூடாக்குங்கள், கொதிக்குமுன் வாய் திறக்க வேண்டும். புதிது 4,500 ரூபா ஆனது.

ஊற்றுவதற்கு வாவிக்கரைக் கிணற்றுத் தண்ணீர் வேண்டாம். குடித்தாலே உப்புக் கரிக்கும் தண்ணீர் அலுமினியத்தை என்ன செய்யும் என்று யோசியுங்கள். கலந்து விற்கும் கூலன்ட் (குளிர்விக்கும் திரவம்), அல்லது செறிவானதை வாங்கி வடிநீரோடு பாதிக்குப் பாதி. எனக்கு 5,500 ரூபா. பழையதை வடித்து, நல்ல தண்ணீர் விட்டு இரண்டு முறை ஓடவிட்டுக் கழுவிய பிறகு ஊற்றுங்கள். ஊற்றியதும் ஹீற்றரைச் சூட்டில் வைத்து, மூடி திறந்தபடி ஓடவிட்டுக் காற்றுக் குமிழியை வெளியேற்றுங்கள்.

3. ரேடியேற்றர் முகமும் பேனும்

எங்கள் ஊரில் சூடு என்றால் இரண்டு. ஒன்று எஞ்சினில் ஏறுவது, மற்றது வெட்டிய நெற்கதிரைக் குவித்து வயலில் போடுவது. இரண்டாவது முதலாவதைக் கொண்டுவரும். பெரும்போக அறுவடை நேரம் சம்மாந்துறை, அக்கரைப்பற்றுப் பக்கம் வயல் ஓரம் ஓடினால் வெட்டு மிசின் கிளப்பும் தூசியும் சாவிப் பதரும் நேரே ரேடியேற்றருக்குள். மாலையில் பூச்சி. கடற்கரைப் பாதையில் உப்புக் காற்று. அலுமினியத் தகடுகள் வெள்ளைப் பொடியாக உதிர்ந்தால், கழுவிப் பயனில்லை, மாற்றத்தான் வேண்டும்.

ஏசியின் சூட்டை வெளியே விடும் கன்டென்சர் ரேடியேற்றருக்கு முன்னால் நிற்கிறது. முன்னாலிருந்து பார்த்தால் தெரிவது அதுதான். அழுக்கு இரண்டுக்கும் நடுவில் சேரும். பம்பரைக் கழற்றி, நடுவில் டோர்ச் அடித்துப் பாருங்கள். என் காரில் அங்கே ஒரு குருவிக்கூடு கட்டலாம் போல வைக்கோல். சேர்விஸ் நிலையத்து அழுத்தத் தண்ணீர் கூடாது, தகடுகள் மடங்கிப் போகும். தோட்டக் குழாயால், எஞ்சின் பக்கமிருந்து முன்பக்கமாகத் தள்ளுங்கள். வந்த வழியே போகும்.

பேன் ஓடுகிறதா என்று எல்லோரும் பார்ப்பார்கள், எந்தப் பக்கம் ஊதுகிறது என்று யாரும் பார்க்க மாட்டார்கள். வயரை மாற்றிக் கொடுத்தால் மின்பேன் தலைகீழாகச் சுற்றும். பேன் ஓட ஓட ரேடியேற்றரின் முன்பக்கத்தில் ஒரு மெல்லிய கடதாசியைப் பிடியுங்கள். ஒட்ட வேண்டும். பறந்தால் உங்கள் பேனும் எதிர்க்காற்றும் சண்டை பிடித்துக்கொண்டு இருக்கின்றன. பேனைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் கூட்டைப் பாரம் என்று கழற்றி வைப்பவர்களும் உண்டு. அது இல்லாத பேன் அதே சுடு காற்றையே சுற்றிச் சுற்றி இழுக்கும்.

இந்த மூன்று படியிலேயே பலருக்கு வேலை முடிந்துவிடும். எனக்கு நகரத்துச் சூடு இதோடு நின்றது. பொலநறுவைப் பக்கம் நீள ஓடும்போது ஏறுவது நிற்கவில்லை.

4. மட்டக் குழாயால் காற்றை அளவுங்கள்

மேசன்மார் மட்டம் பார்க்கும் தெளிந்த குழாய் இருக்கிறதே, அது போதும். மெல்லியதாக மூன்று மீற்றர் வாங்கினேன், 300 ரூபா. எப்படிப் பிடிப்பது என்று பக்கத்து வீட்டு மேசன் மாமாவிடம் கேட்டபோது, "காருக்கும் மட்டம் பார்க்கப் போறியா மனே?" என்று சிரித்தார்.

ஒரு பலகையில் குழாயை யூ வடிவில் வளைத்து ஒட்டி, நிறம் கலந்த தண்ணீர் பாதியளவு விடுங்கள். ஒரு முனையை ரேடியேற்றருக்கு முன்னாலும் மற்றதைப் பின்னாலும் கொண்டுபோய்க் கட்டுங்கள். குழாயின் வாய்க்குள் காற்று நேரே ஊதக் கூடாது, வாய் காற்றுக்குப் பக்கவாட்டில் இருக்கட்டும். பின்பக்க முனை பேன் இறக்கையிலும் சூடான புகைக்குழாயிலும் படாமல் கட்டுக்கம்பியால் இறுக்குங்கள். பலகை காருக்குள். பக்கத்துச் சீற்றில் இருப்பவர்தான் வாசிக்க வேண்டும், ஓட்டுகிறவர் கண் பாதையில்.

இரண்டு பக்கத்துத் தண்ணீருக்கும் உள்ள உயர வித்தியாசமே ரேடியேற்றருக்குள் காற்றைத் தள்ளும் பலம். நம் வெப்பத்தில், கார் 20இல் போனால் முன்னால் முட்டி நிற்கும் காற்றின் முழு அழுத்தம் 2 மில்லிமீற்றர் தண்ணீர்தான். 50இல் 11. 70இல் 22. 100இல் 45. இதில் எவ்வளவு உங்கள் ரேடியேற்றருக்குக் கிடைக்கிறது என்பதுதான் கேள்வி. 20இல் கிடைக்கும் 2 மில்லிமீற்றரைப் பார்த்தாலே, மலையில் பம்பர் வாயைப் பெருப்பிப்பது ஏன் வீண் என்று விளங்கும். அங்கே பேன்தான் வேலை செய்ய வேண்டும்.

புணானைக்கும் வெலிகந்தைக்கும் இடையில் நேரான துண்டில் போய் அளந்தோம். காற்று எழும்ப முன் காலை நேரம் நல்லது, ஆனால் அது யானை நேரமும் என்பதால் நன்றாக விடிந்த பிறகு போங்கள். 70ஐத் தாண்டத் தேவையில்லை. ஊருக்கு வெளியே காருக்கு அதுதான் சட்ட எல்லையும்.

70இல் எனக்கு வந்தது 5 மில்லிமீற்றர். கிடைக்கக்கூடிய 22 மில்லிமீற்றரில் 5 மட்டும். சரி, வெட்டிய ஓட்டைகள்தான் பற்றவில்லையோ என்று நினைத்து, எதிர்மாறாக ஒரு சோதனை செய்தோம்: இரண்டாவது கராஜ் வெட்டிய அந்த அடி ஓட்டைகளை மூடும் டேப்பால் அடைத்துவிட்டு ஓடினோம். 6 ஆனது. மச்சான் இரண்டு முறை பலகையைத் தட்டிப் பார்த்தார். ஓட்டையை மூட மூடக் காற்றுக் கூடுகிறது! அந்த ஓட்டைகள் ரேடியேற்றருக்கு அடியால் காற்றை எஞ்சின் அறைக்குள் கொட்டிக்கொண்டிருந்தன. பின்னால் அழுத்தம் ஏறி, ரேடியேற்றருக்குள் வர வேண்டிய காற்றை அதுவே மறித்தது. 22,000 ரூபாவுக்கு அந்த ஓட்டைகள்.

உயர்த்திய பொனற்றையும் இப்படியே பார்த்தோம். கண்ணாடியின் அடியில், பொனற்றின் பின்விளிம்பில், நாலைந்து கம்பளி நூல் துண்டுகளை ஒட்டி வீடியோ எடுத்தோம். வெளியே பறக்க வேண்டிய நூல் உள்ளே நுழைந்து நின்றது. முன் கண்ணாடியின் அடியில் காற்று முட்டித் தேங்குவதால் அங்கே அழுத்தம் அதிகம். நிற்கும்போது சூடு வெளியேற அந்த இடைவெளி கொஞ்சம் உதவலாம், ஓடும்போது அது இன்னொரு உள்வழி. வொஷர்களை அன்றைக்கே கழற்றினேன்.

5. வெட்டுவதற்கு முன் கடதாசி

இதை நான் கடைசியாகச் செய்து அலைந்தேன். நீங்கள் முதலே செய்யுங்கள்.

மாற்றும் முன் காரின் நாலு பக்கமும், கீழ்ப்பக்கமும் படம் எடுத்து வையுங்கள். பதிவுச் சான்றிதழில் உள்ள எதுவும், அதாவது நிறம், எஞ்சின், உடலின் வகை, மாறுமானால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அறிவித்துத் திருத்த வேண்டும். நான் கீழே சொல்லும் நுரை, ரப்பர், அடித்தட்டு வேலைகள் அந்தப் பதிவைத் தொடாது. பொனற்றில் வெட்டிக் காற்று வாய் வைப்பது, வேறு வடிவப் பம்பர், கம்பித் தடுப்பு, மேலதிக விளக்கு என்று போனால் முதலில் மாவட்ட அலுவலகத்தில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். விளக்குகளும் கம்பித் தடுப்பும் காற்று வாயின் முன்னால் நின்று வழியையும் மறிக்கின்றன, பாதையில் பொலிசாரையும் மறிக்க வைக்கின்றன. இலக்கத் தகடு வாயை மறித்தால் சற்று நகர்த்தலாம், ஆனால் முன்னாலிருந்து நேராகத் தெரிய வேண்டும்.

கார் லீசிங்கில் இருந்தால் சான்றிதழில் முழு உரிமையாளர் அந்த நிதி நிறுவனம்தான். அவர்களின் கடிதம் இல்லாமல் வெட்டாதீர்கள். காப்புறுதிக்கும் ஒரு கடிதம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்குங்கள். விபத்துக்குப் பிறகு "இதை எங்களுக்குச் சொல்லவில்லையே" என்று அவர்கள் கேட்கும்போது அந்தத் தாள் பேசும்.

அடுத்தது நாள் கணக்கு. வருமான அனுமதிப்பத்திரம் வருடா வருடம் புதுப்பிப்பது. அதற்குச் செல்லுபடியாகும் காப்புறுதியும் புகைப் பரிசோதனை அறிக்கையும் வேண்டும், பிரதேச செயலகத்திலோ இணையத்திலோ முடிக்கலாம். நான் தெர்மோஸ்டாட் இல்லாத காரோடு புகைப் பரிசோதனைக்குப் போய்த் தோற்றேன். கார்பன் மொனொக்சைட் எல்லை தாண்டியிருந்தது. புதிய தெர்மோஸ்டாட் போட்டு, அரை மணித்தியாலம் ஓடிச் சூடாக்கிக்கொண்டு போனேன், கார் சித்தியடைந்தது. அதற்குள் பத்திரம் காலாவதியாகித் தண்டப்பணமும் கட்டியாயிற்று. ஆகவே பத்திரம் முடிய ஆறு கிழமைக்கு முன் வேலையைத் தொடங்குங்கள், அல்லது புதுப்பித்த பிறகு தொடங்குங்கள். நடுவில் மாட்டிக்கொள்ளாதீர்கள்.

6. பக்கக் கசிவை அடையுங்கள், பின்வழியைத் திறவுங்கள்

பம்பர் வாயால் நுழைந்த காற்றுக்கு ரேடியேற்றரின் நெருக்கமான தகடுகளுக்குள் போக விருப்பமில்லை. பக்கத்தில் இரண்டு விரல் இடைவெளி கண்டால் அதால் போய்விடும், தண்ணீர் வரம்பு உடைத்த இடத்தால் போவது போல. வாயின் விளிம்பிலிருந்து ரேடியேற்றரின் விளிம்பு வரை நாலு பக்கமும் ஒரு பெட்டி போல மூட வேண்டும்.

பக்கங்களுக்குத் தேர்தல் காலத்தில் பலகை அடிக்கும் நெளி பிளாஸ்டிக் தகடு அருமையான சாமான். கத்தியால் வெட்டலாம், கிளிப்பால் பிடிக்கலாம், யாருக்காவது வாக்கும் சேர்க்கலாம். 900 ரூபா. ரேடியேற்றரைத் தொடும் விளிம்புக்குத் தண்ணீர் குடிக்காத கறுப்பு நுரைப் பட்டி, 800. கதிரை மெத்தைப் பஞ்சு வேண்டாம், மழையில் ஊறித் தொங்கும். சூடான இடங்களுக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் கூடாது, அங்கே அலுமினியத் தகடு. பேன் இறக்கைக்கும் பட்டிக்கும் (பெல்ற்) எட்டாத தூரம் இருக்கிறதா என்று கையால் சுற்றிப் பாருங்கள். இவ்வளவோடு 70இல் 8 மில்லிமீற்றர் வந்தது.

அடுத்தது அடித்தட்டு. பெரும்பாலான கார்களில் எஞ்சினுக்குக் கீழே ஒரு கறுப்புப் பிளாஸ்டிக் தட்டு கம்பனியிலிருந்தே வரும். எண்ணெய் மாற்றும்போது கழற்றி, நாலு கிளிப் உடைந்ததும் திருப்பிப் போடாமல் கராஜ் மூலையில் போட்டுவிடுவார்கள். "சூடு கீழால போகட்டும்" என்று விளக்கமும் கிடைக்கும். உண்மை நேர்மாறு. தட்டு இல்லாவிட்டால் காருக்கு அடியில் பாயும் காற்று மேலே ஏறி எஞ்சின் அறையை நிரப்பும், பின்னழுத்தம் கூடும். கூடவே எஞ்சினின் மேடுபள்ளங்களில் முட்டிக் காரையும் பின்னால் இழுக்கும். ஒரே தட்டு, இரண்டு நட்டம். பழைய சாமான் கடைகளில் தேடினேன், என் மொடலுக்குக் கிடைக்கவில்லை. 2,400 ரூபாவுக்கு அலுமினியத் தகடு வாங்கி மச்சானே வளைத்தார். பின்விளிம்பை முழுதாக மூடாமல் கீழ்நோக்கித் திறந்து விடுங்கள், சுடு காற்று வெளியேறும் கதவு அதுதான். எண்ணெய் வடிக்கும் இடத்துக்கு ஒரு ஓட்டை. புகைக்குழாயிலிருந்து தள்ளி.

கடைசியாக, பம்பரின் கீழ் விளிம்பில் லொறிச் சேற்றுத் தடுப்பு ரப்பரில் நாலு சென்ரிமீற்றர் உயரப் பட்டி ஒன்று, 1,200 ரூபா. காரின் அடியில் போகும் காற்றை அது குறைப்பதால் பின்னால் அழுத்தம் விழும், ரேடியேற்றர் வழியாகக் காற்று இழுபடும். பைபரில் செய்யாதீர்கள். நம் ஒழுங்கை மேடுகளுக்கும் மதகுகளுக்கும் ரப்பர் மடிந்து கொடுக்கும், பைபர் உடைந்து பம்பரையும் கொண்டுபோகும். ஏழு சென்ரிமீற்றர் போட்டுப் பார்த்தோம், அளவு மாறவில்லை, ஒவ்வொரு மேட்டிலும் உரசியதுதான் மிச்சம்.

11 மில்லிமீற்றர். தொடங்கியதற்கு இரண்டு மடங்குக்கு மேல், முன்னால் ஒரு அங்குலம்கூடப் புதிதாக வெட்டாமல். 500 ரூபா கிளிப்பும் சேர்த்து மேலே சொன்ன எல்லாம் 17,900.

7. இப்போது மூடத் தொடங்குங்கள்

காற்று வழி ஒழுங்கானால் கையில் மிச்சம் இருக்கும். அந்த மிச்சத்தை பெற்றோலாக மாற்றலாம். சாதாரண காரில் காற்று இழுவையின் நூற்றுக்கு ஐந்து முதல் பத்து வரை, எஞ்சினைக் குளிர்விக்க உள்ளே எடுக்கும் காற்றால் வருவது. 70இல் ரயர் இழுப்பதும் காற்று இழுப்பதும் ஏறத்தாழச் சமம். 100இல் காற்றுக்குக் கொடுக்கும் வலு 70இல் கொடுப்பதன் மூன்று மடங்கு. ஆகவே கல்முனைக்கும் மட்டக்களப்புக்கும் இடையில் மட்டும் ஓடுகிறவருக்கு இந்தப் படியால் பெரிதாக ஒன்றும் வராது, விட்டுவிடுங்கள். குருநாகலில் அதிவேகப் பாதை ஏறிக் கொழும்புக்கு அடிக்கடி போகிறவர் செய்யலாம்.

மேல் கிறில்லின் (பம்பருக்கு மேலே உள்ள முன்பக்கச் சல்லடை) மூன்றில் ஒரு பங்கை உட்புறமாகத் தகட்டால் மூடுங்கள். ஒரு கிழமை ஓபிடியில் பாருங்கள். ஏசி போட்டு, நடுப்பகலில், ஆட்களோடு. 100 பாகைக்குள் நின்றால் இன்னொரு பங்கு. 105ஐத் தொட்டால் உடனே திறவுங்கள். முதலில் மேல் வாயை மூடுங்கள், கீழ் வாயை விடுங்கள். பம்பரின் நடுப்பகுதியில்தான் காற்று நேரே முட்டுகிறது. ஏசியின் குளிர் குறைந்தால் அதுவும் எச்சரிக்கை, கன்டென்சருக்குப் பற்றவில்லை. என் காரில் மேல் கிறில் முழுதும் மூடியே இருக்கிறது. பழைய பம்பர் ஓட்டைகளும் உள்ளே தகடு வைத்து அடைத்தாயிற்று, வெளியிலிருந்து பார்க்க இன்னும் ரேஸ் கார்தான்.

பலன் உண்டா என்று பார்க்க, சமதரையில் 70இல் நியூற்றலுக்கு விட்டு 50க்கு இறங்க எத்தனை செக்கன் என்று எண்ணுங்கள். போகவும் வரவும் இரண்டு பக்கமும் எடுத்துச் சராசரி பாருங்கள், பின்னால் வாகனம் இல்லாதபோது மட்டும். எஞ்சினை நிறுத்தாதீர்கள், பிரேக்கும் ஸ்டியரிங்கும் கல்லாகிவிடும். எனக்குச் சராசரியில் ஒரு செக்கன் கூடியது. கூரைமேல் இருந்த கம்பித் தட்டைக் கழற்றியபோது அதைவிடக் கூடியது என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். முதலில் அதைக் கழற்றிவிட்டு மற்றதை யோசியுங்கள்.

கிறில்லுக்குப் பின்னால் நுளம்பு வலை அடிப்பவர்களுக்கு: பூச்சியையும் பிடிக்கும், காற்றையும் பிடிக்கும். வலை வேண்டுமென்றால் ஆறேழு மில்லிமீற்றர் கண் உள்ளது, அறுவடை முடிந்ததும் கழற்றித் தட்டிப் போடுங்கள்.

8. மீண்டும் மலை

எல்லாம் முடித்து ஒரு மாதம் சும்மா ஓடிய பிறகு, அதே பாதை: செங்கலடி, மகா ஓயா, பதியத்தலாவை, மகியங்கனை. அதே அம்மா, அதே தயிர்ச் சட்டி. ஏற்றம் தொடங்க முன் மகியங்கனையில் பத்து நிமிடம் நிறுத்தினோம், எஞ்சினை அணைக்காமல், பேன் ஓடவிட்டு. இரண்டாம் கியரில், ஏசி போட்டபடி ஏறத் தொடங்கினோம். 93, 96, 99. பேன் விழுந்து எழும்பிக்கொண்டிருந்தது. 101ஐக் கண்டதும் ஏசியை நிறுத்தினேன், அடுத்த இரண்டு வளைவில் 97க்கு இறங்கிவிட்டது. உச்சியில் திரும்பிப் பார்த்தால் அம்மா தூக்கம்.

ஒரு குறை இருக்கிறது. 90ஐத் தாண்டினால் அந்த ரப்பர் பட்டி விசில் அடிக்கிறது. மச்சான் அதன் விளிம்பைச் சரிவாக வெட்டித் தருவதாகச் சொல்லி மூன்று மாதம்.